கீரனூர்க்காரருக்கு ஓர் அறை வேண்டும்

திருப்பூர், காங்கயம், தாராபுரம் வட்டாரத்து உறவுகளுக்கு,

அங்கே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, பிழைப்புக்காக மைசூருக்குக் குடிவந்தவன் எழுதுகிறேன்.

இங்கே யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மாடியும் கீழுமாக ஒரு குடும்பம் புழங்கும் அளவுதான். புத்தகங்கள், விருதுகள், மூக்குக்கண்ணாடி, அவர் உடுத்திய கோட்டு, ஸ்வெட்டர். துணியோடே வாழ்ந்தவன் ஆகையால் அந்த உடுப்புகளின் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். மால்குடி என்னும் கற்பனை ஊரைப் படைத்தவர் குளிருக்கு மாட்டிக்கொண்டது இது என்று எண்ணும்போது, பாடப்புத்தகத்தில் பார்த்த பெயர் பக்கத்து வீட்டுப் பெரியவராகிவிடுகிறது.

இந்த வீடு தப்பியதே பெரிய காரியம். 2001-இல் அவர் மறைந்தார். பிறகு வீடு கைமாறி, 2011-இல் இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். செய்தி வெளியானதும் வாசகர்கள் கொதித்தார்கள். மாநகராட்சி அதை வாங்கிச் செப்பனிட்டு 2016-இல் திறந்தது. கன்னடத்தில் எழுதாதவருக்கு எதற்கு நினைவில்லம் என்று கேட்ட கன்னட எழுத்தாளர்களும் உண்டு. அந்த எதிர்ப்பையும் தாண்டி, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தமிழருக்கு மைசூர் அந்த வீட்டைக் காத்துக் கொடுத்திருக்கிறது.

நம் கீரனூர் ஆர்.ஷண்முகசுந்தரமோ நம் பேச்சிலேயே நாவல் எழுதியவர். புருஷனை இழந்த ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்டு நிமிர்ந்து நிற்கும் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் சொல்வது அதைத்தான். வங்காளத்து 'பதேர் பாஞ்சாலி'யையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். பெருமாள்முருகன் அவர் எழுத்தை ஆராய்ந்திருக்கிறார். ஆனால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

கொடி காத்த குமரனுக்கு நினைவகம் வைத்த ஊர் நம்முடையது. ஷண்முகசுந்தரத்துக்குத் தனிக் கட்டடம்கூட வேண்டாம், நூலகத்தில் ஓர் அறை போதும். பழைய பதிப்புகள், புகைப்படங்கள், கையெழுத்துத் தாள் கிடைத்தால் அது. கூடவே மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த சால், வடக்கயிறு. சாயப்பட்டறைகள் வருவதற்கு முன் இந்த மண்ணில் தண்ணீரை எப்படி மேலேற்றினார்கள் என்று, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பார்க்கட்டும். ஆத்தாமார்களை உட்காரவைத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யலாம். அந்தப் பேச்சு இல்லாமல் அவர் நாவல்கள் இல்லை.

1977-இல் மறைந்தவர். 2027-இல் ஐம்பது ஆண்டு ஆகிறது. அதற்குள் திறக்க முடியும்.

தீபாவளி லீவுக்கு வருகிறேன். அவர் தம்பியோடு சேர்ந்து நடத்திய 'வசந்தம்' இதழ் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்,
மைசூர்வாசி