பேய்க்கு விஞ்ஞானச் சட்டை

விஞ்ஞானக் கதை சொல்லுகிறோம் என்று பறைசாற்றிக்கொண்டு தமிழில் வந்த படங்களுள் பெரும் பணத்தை விழுங்கியதும் பெரும் பெயர் பெற்றதும் சங்கர் இயக்கிய ‘எந்திரன்’ வரிசை. முதற்படம் 2010 அக்டோபர் 1ஆம் தேதியும், இரண்டாவதான ‘2.0’ 2018 நவம்பர் 29ஆம் தேதியும் வெளிவந்தன. முதற்படத்தின் பாட்டுகளை 2010 ஜூலை 31இல் நமது மலேசியாவில் வைத்துத்தான் வெளியிட்டார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வாழும் தமிழன் கொடுத்த சீட்டுக் காசும் அந்த முதலில் சேர்ந்திருக்கிறது. ஆகையால் திரைக்குப் பின்னால் என்ன தீர்மானம் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

“சினிமாதானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்பார் சிலர். ஏட்டைத் தொடாதவனும் சினிமாக் கொட்டகைக்குள் நுழைகிறான். அவனுக்கு விஞ்ஞானம் என்ற சொல்லுக்குப் பொருள் கற்பிப்பது பள்ளிக்கூடம் அன்று, சினிமாவே. அப்படியிருக்க, அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்பது சிறிய விஷயமா?

முதற்படத்தின் வரலாற்றைப் பாருங்கள். தொடக்கத்தில் கமலஹாசனைக் கொண்டு எடுக்க நினைத்தார்கள், கைகூடவில்லை. பிறகு ஷாருக் கானோடு பேசி, 2007இல் அதுவும் முறிந்தது. கடைசியில் ரஜினிகாந்த் வந்தார். நடுவிலே பட முதலாளியும் மாறினார். கதையிலும் வசனத்திலும் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராயிருந்து வாக்களிப்பு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். ‘என் இனிய இயந்திரா’ என்ற நாவலால் தமிழ் வாசகனுக்கு ரோபோவைப் பழக்கியவர். அவரும் 2008 பிப்ரவரி 27இல் காலமானார். எஞ்சிய வேலையை மதன் கார்க்கி முதலியோர் ஏற்றார்கள்.

நடிகன் மாறினான், முதலாளி மாறினான், எழுத்தாளன் மறைந்தான். ஆயினும் ஒன்று மாறவில்லை. அது கதையின் கேள்வி. மனிதன் செய்த இயந்திரம் தீமை செய்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? செய்தவனா, ஏவியவனா, இயந்திரமா? இராணுவத்துக்கென்று செய்யப்பட்ட சிட்டி, நன்மை தீமை அறியாதது என்று முதலில் தள்ளப்படுகிறது. உணர்ச்சி ஊட்டப்பட்ட பின் காதலித்துக் கெடுகிறது. ஒரு பொல்லாதவன் சிவப்புச் சில்லைச் செருகியதும் கொலைகாரனாகிறது. முடிவில் நியாயஸ்தலத்தின் கட்டளைப்படி கழற்றப்படுகிறது. காதற்பாட்டும் சண்டையும் எவ்வளவோ இருந்தும், கொட்டகையை விட்டு வெளியே வந்தவன் மனத்தில் இந்தக் கேள்வி வந்தது. அதுவே அந்தப் படத்தின் யோக்கியதை.

இனி இரண்டாவதைப் பார்ப்போம். எதிராளி வேடத்துக்கு முதலில் அமெரிக்க நடிகர் அர்னால்ட் சுவார்ஸ்நேகரை நாடி, பின்பு அக்ஷய் குமாரை அமர்த்தினார்கள். முப்பரிமாணக் காமிராவிலேயே படம் பிடித்தார்கள். வரைகலை வேலை முடியாததால் வெளியீட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பேசப்பட்டது. கருவிகளில் இவ்வளவு கவனம் செலுத்தியவர்கள் கருத்துக்கு எவ்வளவு செலவிட்டார்கள்?

பக்ஷிராஜன் என்றொரு பறவை அறிஞர். தோற்றத்தில் இந்தியாவின் பறவையியல் மேதை சாலிம் அலியை நினைவூட்டுகிறவர். கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பறவைகளைக் கொல்கின்றன என்று மனமுடைந்து கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். அவருடைய ஆவி செத்த பறவைகளின் ஆவிகளோடு கூடி ஊரை அழிக்கிறது! ஆவி என்றால் நகைப்பார்கள் என்று ‘ஆரா’ என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வைத்து அதற்கு விளக்கமும் கொடுக்கிறார்கள். நம் தோட்டத்து லயங்களில் பேய்க்கதைக்குப் பஞ்சமா? ரப்பர் மரத்துப் பேயைக் கேட்கக் காசு வேண்டியதில்லையே! அந்தப் பேய்க்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிக் கொட்டகையில் விற்பதைத்தான் கண்டிக்கிறோம். மேதை சாலிம் அலியோ 1987இல் தமது 90ஆம் வயதில், வாழ்நாள் முழுவதும் பறவைகளுக்கு உழைத்து இயற்கையாகவே மறைந்தார். அவர் சாயலை எடுத்துக்கொண்டு பேயாக்குவதா அவருக்குச் செய்யும் மரியாதை?

சுஜாதா இல்லாத குறைதான் இது என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியன்று; இப்படத்துக்கு எழுத ஜெயமோகன் இருந்தார். குறை ஆளில் இல்லை, தீர்மானத்தில் இருக்கிறது. கேள்வியை விட்டுவிட்டுக் காட்சியைப் பிடித்துக்கொண்டதே அந்தத் தீர்மானம்.

கைத்தொலைபேசிக் கம்பெனிகளின் சங்கம் 2018 நவம்பரில் இப்படத்தின் மேல் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. அந்தக் கம்பெனிகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கோபுர அலைதான் பறவைக் கூட்டங்களை அழிக்கிறது என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அன்று. மெய்ப்பிக்கப்பட்ட செய்தி வேறே இருக்கிறது. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் லட்சக்கணக்கில் மடிந்தன. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் மாட்டு வைத்தியத்துக்கு அம்மருந்தை இந்தியா தடுத்தது. துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நான் இன்னொன்றும் சொல்ல முடியும். செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கப் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். நம்மவர் அபசகுனம் என்று அஞ்சும் அதே ஆந்தைதான்! அதே தோட்டத்தில் கடுமையான புதிய எலிமருந்தை வைத்தால், மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. மருந்துக் கணக்கும் ஆந்தைப் பெட்டிக் கணக்கும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஏறக்கூடும். இங்கே கொல்வது பேயா, அலையா, நம் கை வைத்த மருந்தா?

முடிவுதான் எல்லாவற்றிலும் கொடுமை. முதற்படத்தில் குற்றமாயிருந்த அந்தச் சிவப்புச் சில்லு இரண்டாம் படத்தில் வெற்றிக் கருவியாகிறது; நியாயஸ்தலமும் இல்லை, விசாரணையும் இல்லை, கைதட்டல்தான். பக்ஷிராஜனை அடக்கக் குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேலேறி வந்து, அவற்றைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைக்காக எடுத்த படம் பறவையைப் பணயம் வைத்தல்லவா ஜெயிக்கிறது!

தோழர்களே! நட்சத்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பணம் செலவழிக்காதே என்றும் சொல்லவில்லை. இனி எவரேனும் விஞ்ஞானப் படம் என்று விளம்பரம் செய்தால், “எத்தனை கோடி?” என்று கேட்பதை விட்டு, “என்ன கேள்வி?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சீட்டுக் காசைப் பையிலேயே வையுங்கள். நாம் காசு கொடுக்கும் வரையில் பேய் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துகொண்டேதான் இருக்கும்.