மூவர் போதுமா?

கரையைக் காக்க வேண்டும் என்கிறார்கள், காக்கத்தான் வேண்டும்! கழுவேலியின் நீர் நிலைக்க வேண்டும். காலங்காலமாக வந்திறங்கும் பறவைகள் வாழ வேண்டும். அதிலே நமக்கு மாறுபாடில்லை, தோழர்களே! ஆனால், யாரைக் கேட்டுக் காக்கிறார்கள்? அதுதான் நம் கேள்வி!

2021-இல் கழுவேலி பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலே இடம் பெற்றது. உலகம் போற்றுகிறது, உவகை கொள்வோம். அந்த ஏரி கடலோடு கைகோக்கும் இடம் மரக்காணம். பாத்தி மிதித்துப் பாதம் வெடித்த உப்பளத் தொழிலாளரும், கழியிலே வலை வீசும் மீனவரும் வாழும் மண். நீர் எப்போது ஏறும், எந்தக் காற்றிலே உப்பு விளையும் என்பதை ஏடு புரட்டாமலே எடுத்துரைப்பவர்கள் அவர்கள்!

சட்டம் அவர்களை மறந்ததா? இல்லை, நினைத்தது, அரைகுறையாக நினைத்தது! 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மாவட்ட ஆட்சித் தலைவர் தலைமையிலே குழு வேண்டும், அதிலே மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தார் குறைந்தது 3 பேர் வேண்டும் என்றது. 2019 அறிவிக்கையும் அதையே வழிமொழிந்தது. முடிவெடுக்கவா அந்தக் குழு? அன்று! மாநில ஆணையத்துக்குத் துணை நிற்க! அந்த மூவரை ஊர் தேர்ந்தெடுக்கும் என்று ஒரு வரி உண்டா? இல்லை! உப்பளத் தொழிலாளி என்ற சொல் அந்த விதியிலே உண்டா? அதுவும் இல்லை!

நாடகத்திலே மன்னன் முழங்குவான், மந்திரி மொழிவான். "குடிமக்கள் மூவர்" வந்து "வாழ்க" என்று கூறி மறைவர். அந்த மூவராகவா நம் மக்கள்?

"பாமரருக்கு என்ன தெரியும்?" என்பார்கள். இறால் பண்ணைகளால் குடிநீர் உவர்த்தது, வயல் பாழானது என்று முதலில் கண்டு குமுறியவர்கள் கரையோர மக்களே! சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 11-12-1996 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர மண்டலத்திலே அந்தப் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. ஆனால், 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கியது. நீதிமன்றத்திலே வென்றவர்களுக்கு, முடிவெடுக்கும் மன்றத்திலே இடமில்லை. வெற்றி உப்பாய்க் கரைந்தது!

ஆகவே தோழர்களே, கிராம சபைக்குச் செல்லுங்கள்! மூவரை ஊரே தேர்ந்தெடுக்கட்டும். அவருள் ஒருவர் உப்பளத் தொழிலாளியாகட்டும், ஒருவர் பெண்ணாகட்டும். கடற்கரை வரைபடம் தமிழிலே, சபை நடுவிலே விரிக்கப்படட்டும். சபையின் ஒப்புதலின்றி முடிவில்லை என்று தீர்மானம் எழுதுங்கள்!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஓதும் நாடு இது. உப்பு விளைவித்தவரை ஒரு நாற்காலி அளவுக்கேனும் நினைக்க வேண்டாமா?