எண்ணி வளரும் ஐம்பது நாள்

உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் நம் பங்குகளில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. சிலுவைப்பாதை, ஒறுத்தல், குடும்ப செபம் என்று நாற்பது நாள் நடந்த வீடு, விருந்தோடு பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறது. தவக்காலம் முழுவதும் மதுவைத் தொடாத குடும்பத்தலைவர், பாஸ்கா ஞாயிறு மாலையே அதைத் தேடிச் செல்கிறார். நாற்பது இரவு நிம்மதியாய் உறங்கிய மனைவி மக்களுக்கு அன்றே அச்சம் திரும்புகிறது. தவக்காலத்தை நாள் தவறாமல் எண்ணிய நாம், அதற்குப்பின் எண்ணுவதை விட்டுவிடுகிறோம். இதுவும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணமன்றோ?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986-இல் உரோமைத் தொழுகைக்கூடத்திற்குச் சென்றபோது, யூத மக்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். அந்த மூத்தவர்களிடம் நாம் கற்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. பாஸ்காவை ஒட்டி அறுவடையின் முதற்கதிரை ஒப்புக்கொடுத்த நாள்முதல் ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாள் புதுமாவில் சுட்ட இரண்டு அப்பங்களைக் காணிக்கையாக்க வேண்டும் என்பது லேவியர் நூலின் 23-ஆம் அதிகாரம் தரும் கட்டளை. அக்கதிருக்குரிய அளவின் பெயரால் இது 'ஓமேர் எண்ணிக்கை' எனப்படுகிறது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தது, காணிக்கை நின்றது, எண்ணிக்கை நிற்கவில்லை. 1568-இல் கொச்சி மட்டாஞ்சேரியில் தொழுகைக்கூடம் எழுப்பிய யூதர்கள் வாயிலாக நம் தென்னாட்டிலும் அது ஒலித்தது.

இருள் சூழ்ந்தபின் எழுந்து நின்று, இறைவனைப் போற்றி, "இன்று இத்தனையாம் நாள்" என்று அவர்கள் சொல்வர். அவர்களுடைய ஞானியர் அந்த ஏழு வாரங்களுக்கும் அன்பு, கட்டுப்பாடு, இரக்கம், விடாமுயற்சி, பணிவு, உறவுப்பிணைப்பு, மாண்பு என ஏழு பண்புகளை வகுத்தனர். ஒவ்வொரு வாரத்துள்ளும் அவ்வேழும் நாளுக்கொன்றாய் வரும். எடுத்துக்காட்டாக, இரண்டாம் நாளுக்கு உரியது 'அன்பினுள் கட்டுப்பாடு'. பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுக்கும் பெற்றோர் அன்று தம்மையே சோதித்துக்கொள்ளலாம்.

எண்ணுவதிலும் இருவகை உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாயிற்று. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரைகளிலிருந்து செல்லும் சிறு படகுகளுக்கு இத்தடை இல்லை; ஆயினும் விசைப்படகை நம்பிய வீடுகளில் எஞ்சிய நாட்களையே எண்ணுவர். வருவாயற்ற வீட்டில் அது இயல்பே. ஆனால் அதே நாட்களில் நீருக்கடியில் மீனினம் பெருகுகிறது; தடையின் நோக்கமும் அதுவே. மேலே நாள் குறைகிறது. கீழே உயிர் வளர்கிறது.

தவக்காலத்தில் நம்மில் பலர் எண்ணியதும் எஞ்சிய நாட்களையே. நாற்பது தீர்ந்ததும் தடை நீங்கியதாகக் கருதினோம். ஓமேர் எண்ணிக்கையோ ஒன்றில் தொடங்கி ஏறுகிறது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதன்று, எவ்வளவு வளர்ந்தோம் என்பதே அதன் கேள்வி.

அதன் விதியொன்று நம் உள்ளத்தைத் தொடுகிறது. இரவிலும் மறுநாள் பகலிலும் ஒருவர் எண்ண மறந்துவிட்டால், போற்றுதலுரையின்றி எஞ்சிய நாட்களைத் தொடர்ந்து எண்ண வேண்டும் என்பதே அவர்களிடையே பரவலான வழக்கம். இழப்பு இழப்பே, அதை மறைப்பதில்லை. ஆயினும் எண்ணுவதை நிறுத்துவதுமில்லை. ஒருநாள் தவறிக் குடித்தவர், "எல்லாம் போயிற்று" என்று மறுநாளும் குடிப்பதே அவரை வீழ்த்துகிறது. 1935-இல் அமெரிக்காவில் தோன்றி நம் நாட்டிலும் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவினரும் ஒவ்வொரு நாளாகவே குடியின்றி வாழப் பழகுகின்றனர். மதுவுக்கு அடிமையானவர் மருத்துவரின் உதவியை நாடுதலும் கடன். செபம் அதற்கு மாற்றன்று, துணை.

உயிர்ப்பு ஞாயிற்றை முதல் நாளாகக் கொண்டால் தூய ஆவியாரின் பெருவிழா ஐம்பதாம் நாள். இரவுச் செபமாலைக்குப்பின் வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளை, "இன்று இத்தனையாம் நாள்" என்று உரக்கச் சொல்லட்டும். அன்று ஒருவர்க்கொருவர் செய்த ஒரு நன்மையை யாவரும் கூறட்டும். மனைவியின் உழைப்பைக் கணவர் வாய்திறந்து பாராட்டினாலே அந்நாள் கணக்கில் சேர்ந்ததாகும். குடியை விட்டவர் நாற்பதோடு நில்லாமல் நாற்பத்தொன்று என்று சொல்லட்டும். உயிர்த்த ஆண்டவர் நம் குடும்பங்களைத் தம் ஆவியாரால் நிரப்புவாராக!