மண்ணிலும் வில்லங்கம் உண்டு

வீட்டு மனை வாங்குவதென்றால் நம்மவர்களுக்கு எத்தனை ஜாக்கிரதை! முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்க்கிறோம். மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். வாஸ்து பார்ப்பதற்கும் தவறுவதில்லை. ஆனால், அந்த மனையில் முன்னே என்ன இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்து மூடப்பட்டிருந்தால், அந்த ஒரு கேள்வியே மற்றவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பது நமது அபிப்பிராயம்.

பம்ப்பைக் கழற்றி, கூரையைப் பிரித்து, வேலி போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். பூமிக்கு அடியில் புதைந்து கிடந்த இரும்புத் தொட்டியின் சமாசாரம் என்ன? ஈர மண்ணில் பல வருஷம் கிடந்த இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா? ஊசித் துவாரத்தின் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்த பெட்ரோல் எங்கே போயிற்று?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ஸாண்டா மோனிகா நகரத்தார் இந்தக் கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டார்கள். அந்த நகரத்தின் குடிதண்ணீரில் பெரும் பகுதி, நிலத்தடிக் கிணறுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1995-ஆம் ஆண்டில் அந்த ஜலத்தில் எம்.டி.பி.இ. என்ற ரஸாயனம் தென்பட்டது. அடுத்த வருஷமே கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. பெட்ரோல் நன்றாக எரிவதற்காகவும், மோட்டார்ப் புகையின் கெடுதலைக் குறைப்பதற்காகவும் பெட்ரோலில் கலந்த பொருள் அது. காற்றைக் காப்பாற்ற வந்த சரக்கு தண்ணீரைக் கெடுத்துவிட்டது!

குற்றவாளி யார்? சுற்றுப்புறத்திலிருந்த சுமார் 30 இடங்கள் மீது சந்தேகம் விழுந்தது. ஒவ்வொன்றையும் சோதிக்க நேர்ந்தது. எண்ணெய்க் கம்பெனிகளோடு வழக்காடி, சுத்திகரிப்பு நிலையம் அமைத்து, மூடிய கிணறுகளின் ஜலத்தை மறுபடியும் ஜனங்கள் குடிப்பதற்கு ஏறக்குறைய 15 வருஷம் பிடித்தது. அதுவரையில் தண்ணீரை வெளியிலிருந்து விலைக்கு வாங்கினார்கள்.

இத்தகைய சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். முதல் வேலை மண்வெட்டிக்கு அல்ல, காகிதத்துக்கு. தொட்டிகள் எத்தனை, எந்த வருஷம் புதைத்தவை, குழாய்கள் எந்தப் பக்கம் ஓடின, வாங்கிய பெட்ரோலுக்கும் விற்ற பெட்ரோலுக்கும் கணக்கு ஒத்துப்போயிற்றா என்று பார்க்கிறார்கள். பிறகு தொட்டி இருந்த இடத்திலும், குழாய் சென்ற வழியிலும் துளையிட்டு, பல ஆழங்களிலிருந்து மண் எடுக்கிறார்கள். பெட்ரோல் காற்றோடு போய்விடும் சுபாவமுடையது. ஆகையால் எடுத்த மண்ணை உடனே இறுக மூடி, குளிர்ச்சியில் வைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள்.

அடுத்தது ஜலப் பரீட்சை. இதற்குக் குறைந்தது மூன்று சோதனைக் கிணறுகள் வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் நிலத்தடி ஜலம் எந்தத் திசையில் சரிந்து ஓடுகிறது என்பது தெரியும். அந்தத் திசையில் உள்ள வீட்டுக் கிணறுகளுக்கே முதலில் ஆபத்து. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. பெரும்பகுதி மேலே மிதக்கும். ஆனால் அதிலுள்ள பென்ஸீன் ஓரளவு ஜலத்தில் கரையும். எம்.டி.பி.இ. இன்னும் சுலபமாகக் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், ஜலம் போகும் வேகத்திலேயே கூடப் போகும். மழைக் காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் ஏறி, கோடையில் இறங்கி, நடுவிலுள்ள மண் முழுவதிலும் பூசிவிடும். ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட முடியாது. பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பிரயத்தனம் எதற்கு? பென்ஸீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார ஸ்தாபனம் குடிதண்ணீரில் அதற்கு விதித்திருக்கும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, ஒரே ஒரு கிராம் பென்ஸீன், ஒரு லட்சம் லிட்டர் ஜலத்தை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். கண்ணுக்குத் தெரியவேண்டுமென்றோ, மூக்குக்கு எட்டவேண்டுமென்றோ காத்திருப்பதற்கில்லை.

எங்கோ அமெரிக்காவில் நடந்த விஷயந்தானே என்று நாம் இருந்துவிட முடியாது. சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் 2013-ஆம் ஆண்டு வீட்டுக் கிணற்று ஜலத்தில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்தது. அங்கே காரணம் பங்க் அல்ல, பூமிக்கு அடியில் சென்ற எண்ணெய்க் குழாய். ஆனால் பூமிக்கு அடியில் கசிந்த எண்ணெய் ஜலத்தைத் தேடிப் போகும் என்ற நியாயம் இரண்டுக்கும் ஒன்றே. அன்று தவித்தவர்கள் எண்ணெய் விற்றவர்கள் அல்ல. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த குடும்பங்கள்.

ஆகையால் நாம் சொல்வது இதுதான். மூடிய பங்க்கின் மண்ணையும் ஜலத்தையும் சோதித்த பிறகே அந்த மனை கைமாற வேண்டும். சோதனைச் செலவு அங்கே வியாபாரம் செய்து லாபம் கண்டவர்களுடையதாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்களும் அந்தச் சோதனையின் முடிவைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் உள்ள வில்லங்கத்தைக் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாம். மண்ணில் உள்ள வில்லங்கமோ, நம் குழந்தைகள் குடிக்கும் டம்ளரில் வந்துதான் தன்னைத் தெரிவித்துக்கொள்ளும்.