பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லுவது?

வெள்ளைக்காரன் கறுப்பு மனிதனை நாயினும் கேவலமாக நடத்தினான் என்று பாடம் நடத்தினால் நமது பிள்ளைகளுக்கு ரத்தம் கொதிக்கிறது. 1893-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தியாரை ரயில் வண்டியிலிருந்து இறக்கித் தள்ளினான் என்றால் பல்லைக் கடிக்கிறார்கள். கடிக்க வேண்டியதுதான். ஆனால், அதே பிள்ளைகள் மணி அடித்து வெளியே வந்ததும், காலனியிலிருந்து வரும் பையனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரிப்பார்களேயானால் அந்தப் பாடத்தினால் உண்டான பலன் என்ன என்று கேட்கிறோம்.

பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களில் வாழும் தோழர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். 1954-ல் பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை விட்டுவிட்டுப் போனான். இந்தப் பிரிவினை அவனோடு கப்பல் ஏறவில்லை. ஏன்? இது அவன் கொண்டுவந்த சரக்கல்லவே! 1745-ல் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். புதுச்சேரி மாதா கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒருபுறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபுறம் ஜாதிக் கிறிஸ்தவர்களும், சட்டைக்காரர்களும், வெள்ளைக்காரர்களும். அதாவது, வெள்ளையன் பக்கத்தில் உட்கார நம்மவனுக்குக் கூச்சமில்லை. தன் நிறத்தவன், தன் மொழிக்காரன் பக்கத்தில் உட்காரத்தான் கூச்சம்! நிறத்திமிரும் ஜாதித்திமிரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

இது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது என்ன? பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட மாணவன், தன்னை ஜாதியைச் சொல்லி இம்சிக்கிறார்கள் என்று பள்ளியில் முறையிட்டான். அந்தக் குற்றத்திற்காகக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவற்றைத் தடுக்கச் சொல்லிற்று. நல்லது. ஆனால் கையிலுள்ள கயிற்றைக் கத்தரிக்கோலால் அறுக்கலாம். மனதிலுள்ள கயிற்றை எதைக்கொண்டு அறுப்பது?

அதற்குத்தான் நாம் ஒரு நாவலைச் சிபாரிசு செய்கிறோம். வால்பாறைத் தோட்டங்களில் வைத்தியராயிருந்த பி.எச். டேனியல் என்பவர் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதினார்; இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். 2013-ல் வந்த ‘பரதேசி’ சினிமாவுக்கும் இதுவே ஆதாரம். திருநெல்வேலிச் சீமையில் வயிற்றுக்கில்லாத கருப்பன், வள்ளி என்னும் தம்பதிகள், மேஸ்திரியின் பசப்பு வார்த்தையையும் முன்பணத்தையும் நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் மீள முடியாமல் சிக்கிக்கொண்ட கதை. இது நமக்குத் தூரத்துக் கதையுமல்ல. 1848-ல் அடிமை முறை ஒழிந்த பின்பும் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழ்க் கூலிகள் கப்பலேற்றப்பட்டது சரித்திரம்.

உபாத்தியாயர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதை உரக்கப் படிக்கட்டும். படித்த பின் கேட்கட்டும்: துரை வெள்ளைக்காரன், சரி. கருப்பனை ஏமாற்றிக் கூட்டிப்போன மேஸ்திரி யார்? அவன் பேசியது எந்த மொழி? துரைக்குக் கைகட்டி நின்றவன் கூலிக்காரன் முன் நெஞ்சை நிமிர்த்தியது ஏன்? பிறகு கடைசிக் கேள்வி: நம் வகுப்பில் மேஸ்திரி யார்?

இந்தக் கேள்விக்கு யாரும் எழுந்து பதில் சொல்ல வேண்டாம். இம்சைப்பட்ட பையனை எழுப்பி, “உன் கஷ்டத்தைச் சொல்” என்பது இரண்டாவது இம்சை. கருப்பன் வகுப்பில் இல்லாதவன். அவனைப் பற்றி யாரும் கூசாமல் பேசலாம். அவன் பட்ட அவமானத்துக்காகக் கோபப்பட்ட பிள்ளைக்கு, பக்கத்து பெஞ்சுக்காரன் படும் அவமானம் தானாகவே கண்ணில் படும். நாவலின் உபயோகம் இதுதான்.

“பள்ளிக்கூடத்தில் ஜாதிப் பேச்சு எதற்கு? இல்லாத பேதத்தை உண்டாக்கலாமா?” என்பார்கள் சில பெரிய மனிதர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டில் குடிக்கலாகாது என்று அஞ்சு வயதிலேயே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள். அப்போது உண்டாகாத பேதமா புத்தகம் படித்தால் உண்டாகிவிடும்? நோயைப் பற்றிப் பேசாதிருந்தால் நோய் தீருமா?

ஒன்று மாத்திரம் நிச்சயம். புத்தகம் மட்டும் போதாது. முறையிட்ட பிள்ளைக்குப் பாதுகாப்புக் கொடுக்காத பள்ளியில் எந்த நாவலைப் படித்தும் பயனில்லை. தலைமை உபாத்தியாயர் முறையீட்டை அன்றைக்கே விசாரிக்க வேண்டும். முறையிட்டவனைத் தனியே விடலாகாது.

பள்ளிக்கூடங்கள் செய்யட்டும். செய்யாவிட்டால், நமது கிராமத் தோழர்கள் ஒரு பிரதி வாங்கிப் படிப்பகத்தில் வைத்து, ஞாயிறு மாலையில் ஊர்ப் பிள்ளைகளையும் காலனிப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் படித்துக் காட்டட்டும். கதையைவிட அந்தப் பாய் பெரிய பாடம் என்பது நமது அபிப்பிராயம்.