சோம்பல் என்று ஏசினேன்

"பதின்மூன்று வயசில இவ்வளவு சோம்பலோ?" என்று போன வருஷம் மகளை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! பள்ளிக்கூடத்தால வந்ததும் படுக்கை. நெட்போல் பயிற்சிக்கும் போகமாட்டாளாம். குளிருது என்பாள். மெல்பேர்ணில் யாருக்குத்தான் குளிராது என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஏழு வயசிலிருந்து முதலாம் வகை நீரிழிவு. இன்சுலின் அளவு மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை. ஆனால் சீனி அடிக்கடி 4க்குக் கீழே இறங்கத் தொடங்கியது. இரவில் சென்சர் அலற, ஜூஸோடு நான் ஓடுவேன். கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. டிஎஸ்எச் கூடியிருந்தது. தைரொயிட் சுரப்பி மந்தமாகியிருந்தது.

முதலாம் வகை நீரிழிவில், இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. அதே மாதிரி அது தைரொயிட்டையும் தாக்கலாம். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்த நோய் இது. பெண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும். ஹோர்மோன் குறைந்தால் களைப்பு, மலச்சிக்கல், வளர்த்திக் குறைவு, சீனி இறக்கம். கூடினால் நெஞ்சுப் படபடப்பு, மெலிவு, சீனி ஏற்றம். சில பிள்ளைகளில் ஒரு அறிகுறியும் தெரியாது. அதனால்தான் நீரிழிவு கண்டுபிடித்த கையோடும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறார்கள். அறிகுறி இருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

"கோவாவை நிப்பாட்டு, அயடின் உப்பைக் கூட்டு" என்றார் அம்மம்மா. அயடின் குறைவால் வந்த நோய் இல்லையே! அளவுக்கு மிஞ்சிய அயடின் இதைக் கெடுக்கவும் கூடும். சமைத்த கோவா வழமைபோலச் சாப்பிடலாம்.

மருந்து, ஒரு நாளைக்கு ஒரு தைரொக்சின் குளிசை. வெறும் வயிற்றில், தண்ணியோடு. இரும்பு, கல்சியம் குளிசைகளை நாலு மணித்தியாலமாவது தள்ளிக் குடுங்கோ. காலையில் சீனி இறங்கியிருந்தால் முதலில் ஜூஸ்தான், குளிசை பிறகு. சில வாரங்களில் திரும்ப இரத்தம் சோதித்து அளவைச் சரிபார்ப்பார்கள். அளவை நாங்களாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

ரெண்டு மாதத்தில் மகள் திரும்ப நெட்போலுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னனான்தானே அம்மா, களைப்பா இருக்கெண்டு" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால், அடுத்த கிளினிக்கில் ஒரு கேள்வி கேளுங்கோ: "கடைசியா எப்ப தைரொயிட் பார்த்தனீங்கள்?"