மஹராக வைரம்: மறைக்காமல் கொடுப்போம்



மஹராக வைர நகை அளிப்பது ஆகுமானதே. ஆயினும் மஹர் மணமகளின் தனிச் சொத்து. அதன் உண்மை மதிப்பை அவள் அறிந்திருத்தல் அவசியம்.

எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய நேர்த்தி ஆகிய நான்கும் வைரத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். எடை ஒத்த இரு கற்களும் மற்ற மூன்றில் வேறுபட்டால் விலையில் பெரிதும் வேறுபடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் பூமியில் விளைந்ததையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. முன்னதன் விலையோ மிகக் குறைவு. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கல்லின் வகையை மறைப்பதும் அத்தகையதே.

தங்கத்தைப் போல் வைரம் வாங்கிய விலைக்கு எளிதில் விலைபோகாது. இடர்வேளையில் பெண்ணுக்குக் கைகொடுக்கத் தங்கமே மேல் என்பது என் கருத்து. வைரமே கொடுப்பதாயின், தரச்சான்றிதழையும் அவள் கையிலேயே ஒப்படையுங்கள்.

சகோதரிகளே, வைரம் பிற நகைகளைக் கீறும், தனியே வையுங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். உளூவின்போது இறுக்கமான மோதிரத்தை அசைத்து, அடியில் நீர் சேரச் செய்யுங்கள்.

கொடுக்கல் வாங்கலில் வாய்மையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!